காசநோயின் நோயெதிர்ப்பை ஆராய விரும்பும் மாணவிக்கு

கேள்வி: திருநெல்வேலியில் எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் இறுதியாண்டு படிக்கிறேன். என் மாமாவுக்கு இரண்டு முறை காசநோய் வந்தது. அதே வீட்டில் இருந்த எங்கள் யாருக்கும் வரவில்லை. ஏன் என்று தெரிந்துகொள்ளத்தான் நோயெதிர்ப்பியல் பக்கம் வந்தேன். சிஎஸ்ஐஆர் நெட் தேர்வில் கொஞ்ச மதிப்பெண்ணில் ஜேஆர்எஃப் (பிஎச்.டி.க்கான உதவித்தொகை) தவறிவிட்டது. பக்கத்துக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர், மூலிகைச் சாறுகள் நோயெதிர்ப்பைத் தூண்டுவது பற்றிய தலைப்பில் உடனே பிஎச்.டி. பதிவு செய்யலாம் என்கிறார். சென்னையில் ஒரு காசநோய் ஆய்வுத் திட்டத்தில் ஓராண்டு தற்காலிக வேலைக்கும் ஆள் எடுக்கிறார்கள். செல்களை எண்ணும் ஃப்ளோ சைட்டோமீட்டரைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். எப்போது சம்பாதிப்பாய் என்று வீட்டில் கேட்கிறார்கள். எதற்குப் போவது?

பதில்: ஓராண்டு வேலைக்கு விண்ணப்பியுங்கள். பிஎச்.டி. பதிவை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். முடிவை முதலிலேயே சொல்லிவிட்டேன். காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

மாமாவைப் பற்றி நீங்கள் எழுதிய இரண்டு வரியிலேயே இந்தத் துறையின் நடுக்கேள்வி இருக்கிறது. காசநோய்க் கிருமி தொற்றியவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்குத்தான் வாழ்நாளில் நோய் வருகிறது. மற்றவர்கள் உடல் கிருமியை அடக்கி வைக்கிறது, அல்லது அழித்துவிடுகிறது. எதைக் கொண்டு அடக்குகிறது என்பதற்கு இன்னும் முழு விடை இல்லை. 1968-ல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பிசிஜி காசநோய்த் தடுப்பூசிச் சோதனையில் 2,80,000-க்கும் மேற்பட்டவர்களுக்குத் தடுப்பூசியோ மருந்தில்லாத ஊசியோ போட்டு, 15 ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பிசிஜி தடுக்கவில்லை என்று முடிவு வந்தது. பிரிட்டனில் பள்ளி மாணவர்களிடம் பிசிஜி நன்றாகவே வேலை செய்திருந்தது. நம் மண்ணிலும் நீரிலும் இருக்கும் வேறு மைக்கோபாக்டீரியங்களோடு (காசநோய்க் கிருமியின் உறவுக் கிருமிகளோடு) உடலுக்கு ஏற்கெனவே பழக்கம் இருப்பது காரணமாக இருக்கலாம் என்பது ஒரு விளக்கம். அதையும் யாரும் முடித்துவைக்கவில்லை. நீங்கள் நுழைய நினைக்கும் இடம் இதுதான். அங்கே செய்ய வேண்டிய வேலை நிறைய மிச்சம் இருக்கிறது.

மூலிகைத் தலைப்பை ஏன் வேண்டாம் என்கிறேன்? மூலிகை ஆய்வு தாழ்ந்தது என்பதால் இல்லை. அந்தத் தலைப்பில் வழக்கமாக நடப்பது இது: சாற்றை மேக்ரோஃபேஜ் என்ற கிருமி விழுங்கும் செல்களில் ஊற்றுவார்கள், டிஎன்எஃப் அல்லது இன்டர்ஃபெரான் காமா போன்ற சைட்டோகைன்கள் (செல்கள் சுரக்கும் சமிக்ஞைப் புரதங்கள்) கூடியதை எலைசா சோதனையில் அளப்பார்கள், நோயெதிர்ப்பு கூடிவிட்டது என்று எழுதுவார்கள். இதில் இரண்டு ஓட்டைகள். செடி, தண்ணீர், கண்ணாடிக் குடுவை எல்லாவற்றிலும் பாக்டீரியாவின் எண்டோடாக்சின் என்ற நச்சு ஒட்டியிருக்கும். மி.லி.க்கு ஒரு நானோகிராமுக்கும் குறைவான எண்டோடாக்சினே மனித மானோசைட்டுகளைத் தூண்டிவிடும். நீங்கள் அளந்தது மூலிகையையா அழுக்கையா என்று சொல்ல முடியாது. எண்டோடாக்சினை முடக்கும் பாலிமிக்சின் பி சேர்த்த கட்டுப்பாடு ஒன்று, எண்டோடாக்சின் அளவீடு ஒன்று, இரண்டும் இல்லாத மூலிகை ஆய்வை நல்ல இதழ்கள் திருப்பி அனுப்பிவிடும். அளவீட்டிலும் கவனம் வேண்டும்: சாதாரண லால் சோதனை, செடியிலுள்ள சில குளுக்கன்களுக்கும் வினைபுரிந்து பொய்யாக நேர்மறை காட்டும். மறுசேர்க்கை முறையில் தயாரித்த ஃபாக்டர் சி கொண்ட சோதனைக்கு அந்தச் சிக்கல் இல்லை. போதாததற்கு, செல் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் எம்டிடி சோதனையில், சாற்றின் பாலிஃபீனால்கள் செல்லே இல்லாத குழியில்கூட நிறத்தை மாற்றிவிடும்.

இரண்டாவது ஓட்டை இன்னும் பெரியது. இன்டர்ஃபெரான் காமா கூடினால் காசநோயிலிருந்து காப்பு கிடைக்கும் என்று நம்பி எம்விஏ85ஏ என்ற தடுப்பூசியை உருவாக்கினார்கள். தென்னாப்பிரிக்காவில் ஏறக்குறைய 2,800 கைக்குழந்தைகளிடம் அதைச் சோதித்து 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் இன்டர்ஃபெரான் காமாவைச் சுரந்தன; நோயிலிருந்து காப்பு கிடைக்கவில்லை. ஒரு சைட்டோகைன் கூடியது என்ற ஒரே முடிவின் மேல் ஐந்து வருட பிஎச்.டி.யைக் கட்டுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். அந்தப் பேராசிரியரிடம் மரியாதையாகவே சொல்லுங்கள்: "ஐயா, மனித மாதிரிகளில் ஓராண்டு பயிற்சி எடுத்துக்கொண்டு வருகிறேன்." மனக்கசப்பு தேவையில்லை.

சென்னை வேலைக்கு வருவோம். ஃப்ளோ சைட்டோமீட்டர் தெரியாதே என்று தயங்க வேண்டாம். பொத்தான்களை ஆறு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். கற்றுக்கொள்ள ஓராண்டு பிடிப்பது ரத்தத்தைக் கையாளுவது. மனித நோயெதிர்ப்பு ஆய்வின் தரத்தில் பெரும்பங்கு, ரத்தம் குழாயில் இறங்கிய முதல் எட்டு மணி நேரத்திலேயே முடிவாகிவிடுகிறது. அந்த எட்டு மணி நேரத்தை யாரும் பாடத்தில் சொல்லித்தருவதில்லை. எனவே கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

ரத்தத்திலிருந்து லிம்ஃபோசைட், மானோசைட் என்ற வெள்ளணுக்களைப் பிரித்தெடுப்பதை லேப்களில் பிபிஎம்சி எடுப்பது என்பார்கள். பச்சை மூடிபோட்ட சோடியம் ஹெப்பாரின் குழாயில் 10 மி.லி. ரத்தம் வரும். அதே அளவு பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலைச் சேர்த்து, 1.077 அடர்த்தியுள்ள ஃபைக்கால் கரைசலின் மேல், குழாயைச் சாய்த்துப் பிடித்து, சுவரோரமாக மெல்ல வழியவிட வேண்டும். இரண்டு அடுக்கும் கலந்துவிட்டால் அன்றைய வேலை வீண். 400 ஜி விசையில் (புவியீர்ப்பைப்போல் 400 மடங்கு) 30 நிமிடம், 20 டிகிரி செல்சியஸில், பிரேக் இல்லாமல் சுற்ற வேண்டும். பிரேக் போட்டால் நடுவில் நிற்கும் வெண்ணிற வளையம் கலங்கிவிடும். அந்த வளையத்தை பிப்பெட்டால் எடுத்து, 300 ஜி-யில் 10 நிமிடம் வீதம் இரண்டு முறை கழுவ வேண்டும். தட்டணுக்கள் நிறைய ஒட்டிவந்தால் கடைசிக் கழுவலை 200 ஜி-க்குக் குறைக்கலாம். ஆரோக்கியமானவரின் 10 மி.லி. ரத்தத்தில் ஒரு கோடியிலிருந்து இரண்டு கோடி செல்கள் கிடைக்கும். காசநோய் முற்றியவர்களுக்கு லிம்ஃபோசைட்டுகள் குறைந்திருப்பதால் இதில் பாதிகூடத் தேறாத நாட்கள் உண்டு.

இதில் தவறுகள் எங்கே வருகின்றன தெரியுமா? முதல் தவறு, ஜி என்பதையும் நிமிடத்துக்கான சுற்று எண்ணிக்கையையும் குழப்புவது. லேப் சுவரில் "1500 சுற்று" என்று ஒட்டியிருப்பார்கள். புதிதாக வந்தவர் வேறு இயந்திரத்தில் அதே எண்ணைப் போடுவார். ஆரம் 16 செ.மீ. உள்ள ரோட்டரில் 1500 சுற்று என்பது சுமார் 400 ஜி. ஆரம் 10 செ.மீ. என்றால் அதே 1500 சுற்று 250 ஜி மட்டுமே. செல்கள் சரியாகப் பிரியாது. ரத்தம் மோசம் என்று பழி நோயாளியின் மேல் போகும். கணக்கு எளிது: 1.118-ஐ ஒரு லட்சத்தால் வகுத்து, செ.மீ.யில் உள்ள ஆரத்தாலும் சுற்று எண்ணிக்கையின் வர்க்கத்தாலும் பெருக்குங்கள். உங்கள் குறிப்பேட்டில் எப்போதும் ஜி-யையே எழுதுங்கள்.

இரண்டாவது, வெப்பம். ஃபைக்கால் பாட்டிலை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே ஊற்றுவார்கள். குளிரில் அதன் அடர்த்தி கூடிவிடும்; கீழே இறங்க வேண்டிய செல்கள் வளையத்திலேயே தங்கிவிடும். காலையிலேயே எடுத்து வெளியே வைத்துவிட வேண்டும். ரத்தக் குழாய் வரும் வழியும் அப்படித்தான். சிலர் ஐஸில் புதைத்துக் கொண்டுவருவார்கள், சிலர் மே மாத வெயிலில் பைக் பெட்டிக்குள் போட்டுக் கொண்டுவருவார்கள். இரண்டும் கெடுதல். 18 முதல் 25 டிகிரிக்குள் வைக்க, அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்த ஜெல் பொதிகள் போட்ட தெர்மோகோல் பெட்டி போதும்.

மூன்றாவது, நேரம். எட்டு மணி நேரத்துக்கு மேல் ரத்தம் கிடந்தால் கிரானுலோசைட்டுகள் என்ற வேறு வகை வெள்ளணுக்கள் தூண்டப்பட்டு இலகுவாகிவிடும். கீழே போக வேண்டியவை வளையத்தோடு சேர்ந்து மேலே நின்று, டி செல்களின் செயல்பாட்டையும் அடக்கும். இதன் தீங்கு கண்ணுக்குத் தெரியாது. எண் மட்டும் தவறாக வரும். தொலைவிலுள்ள மருத்துவமனை நோயாளிகளின் ரத்தம் மாலையிலும், லேப் ஊழியர்களான ஆரோக்கியமானவர்களின் ரத்தம் காலையிலும் பிரிக்கப்பட்டால், நோயாளிகளின் டி செல்கள் பலவீனமாகத் தெரியும். காசநோய் அவர்கள் நோயெதிர்ப்பைக் குலைத்துவிட்டது என்று கட்டுரையும் எழுதிவிடுவார்கள். உண்மையில் குலைத்தது பேருந்துப் பயணமாக இருக்கும். ரத்தம் எடுத்த நேரத்தையும் பிரிக்கத் தொடங்கிய நேரத்தையும் ஒவ்வொரு மாதிரிக்கும் எழுதிவையுங்கள். யாரும் கேட்காவிட்டாலும் எழுதுங்கள்.

செல்களை உறையவைப்பதென்றால், 90 சதவீதம் சீரமும், உறையும்போது செல்லைக் காக்கும் டிஎம்எஸ்ஓ 10 சதவீதமும் கலந்த கரைசலில் போட்டு, நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் குளிரும் பெட்டியில் மைனஸ் 80-க்கு அனுப்புங்கள். டிஎம்எஸ்ஓ அறை வெப்பத்தில் செல்லைக் கொல்லும். கலந்த பிறகு போன் பேசப் போகக் கூடாது. மைனஸ் 80-லேயே மாதக்கணக்கில் விட்டுவிடாமல் ஓரிரு நாளில் திரவ நைட்ரஜனுக்கு மாற்றிவிட வேண்டும். மின்வெட்டு வந்தால் ஜெனரேட்டர் எத்தனை நிமிடத்தில் எடுக்கிறது என்பதை வேலையில் சேர்ந்த முதல் வாரமே விசாரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஃப்ளோ. செல்லின் மேலுள்ள புரதங்களில் வண்ண ஆன்டிபாடிகளை ஒட்டி, ஒவ்வொரு செல்லையும் லேசர் முன்னால் ஓடவிட்டு எண்ணும் கருவி அது. கருவியைவிட, எண்ணும் கணக்கு முக்கியம். காசநோய்க் கிருமியின் ஒரு புரதத்தை அடையாளம் காணும் செல்கள், சிடி4 டி செல்களில் 0.1 சதவீதம் அளவில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 100 செல்லை எண்ணினால், தற்செயலால் வரும் அலைவு மட்டுமே 10 சதவீதம்; அதற்கும் குறைவாக எண்ணுவது வீண். 100 கிடைக்க 1,00,000 சிடி4 செல்கள் வேண்டும். பிபிஎம்சியில் சிடி4 சுமார் 40 சதவீதம் என்றால் உயிருள்ள 2,50,000 செல்கள் கருவிக்குள் ஓட வேண்டும். சாயமேற்றிக் கழுவுவதிலேயே பாதி போய்விடும். ஆகவே ஒரு குழாய்க்கு 10 லட்சம் செல்லில் தொடங்குவதுதான் பாதுகாப்பு. தூண்டாத குழாய், கிருமிப் புரதம் போட்ட குழாய், எல்லா டி செல்லையும் தூண்டும் நேர்க் கட்டுப்பாடு, மூன்றுக்கும் 30 லட்சம். ஒரு நிறத்தை மட்டும் விட்டுவிட்டுச் சாயமேற்றும் எஃப்எம்ஓ கட்டுப்பாடுகளுக்கு இன்னும் கொஞ்சம். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான், நோயாளியிடம் எத்தனை மி.லி. ரத்தம் கேட்பது என்றே தெரியும்.

இறந்த செல்கள் எந்த ஆன்டிபாடியையும் ஒட்டிக்கொள்ளும். இறந்த செல்லைக் காட்டும் சாயம் இல்லாமல் ஒரு குழாயைக்கூட ஓட்டாதீர்கள். சைட்டோகைனைச் செல்லுக்குள் அளப்பதானால், அது வெளியேறாமல் தடுக்க, தூண்டிய ஒன்றிரண்டு மணி நேரத்தில் பிரெஃபெல்டின் ஏ போட வேண்டும். மறந்தால் செல்லுக்குள் ஒன்றும் இருக்காது. பாட்டிலில் எழுதியிருக்கும் ஆன்டிபாடி அளவை அப்படியே நம்பாமல், உங்கள் செல்லில் அளவைப் பாதி பாதியாகக் குறைத்து, எந்த அளவில் நேர்மறையும் எதிர்மறையும் தெளிவாகப் பிரிகின்றன என்று பாருங்கள். பல சமயம் குறைந்த அளவே நன்றாகப் பிரிக்கும். செலவும் மிச்சம்.

இந்த ஓராண்டில் மூன்றாவதாக நீங்கள் கற்க வேண்டியது, யாருடைய ரத்தம் என்ற கேள்வி. காசநோய் மருந்து தொடங்கிவிட்டால் கிருமிகள் வேகமாகச் சாகின்றன. நோயெதிர்ப்பின் படமும் மாறத் தொடங்குகிறது. மருந்துக்கு முந்தைய நாள் எடுத்த ரத்தத்தையும் பத்தாம் நாள் எடுத்ததையும் ஒரே குவியலில் போடக் கூடாது. சர்க்கரை நோய், எச்ஐவி, ஸ்டீராய்டு மாத்திரை, கர்ப்பம், உடல் எடை, முன்பு வந்த காசநோய் எல்லாவற்றையும் படிவத்தில் குறியுங்கள். குடற்புழு இருக்கிறதா என்பதையும் விட்டுவிடாதீர்கள். சேத்துப்பட்டிலுள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தில், அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனமான என்ஐஎச்சோடு சேர்ந்து நடக்கும் மையத்தில் சுபாஷ் பாபு குழுவினர், புழுத்தொற்றும் சர்க்கரை நோயும் காசநோயின் நோயெதிர்ப்பை எப்படி மாற்றுகின்றன என்று தொடர்ந்து எழுதி வருகிறார்கள். படிக்கத் தொடங்க அது நல்ல இடம். இன்னொன்று, 2023-ல் வெளியான ஜார்க்கண்ட் ஆய்வு. நோயாளியின் வீட்டாருக்குக் கூடுதல் சத்துணவு கொடுத்ததில், அவர்களிடம் புதிய காசநோய் ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. உணவு எந்தச் செல் வழியாக இதைச் செய்தது என்பது அருமையான ஆய்வுக் கேள்வி. உங்கள் வீட்டுக் கதைக்கும் அது பக்கத்தில் இருக்கிறது.

காசநோய்த் தொற்றைக் கண்டறியும் இக்ரா ரத்தச் சோதனையைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் நேர்காணலில் கட்டாயம் கேட்பார்கள். அதில் ஒரு வகையான குவான்டிஃபெரான் பிளஸ் சோதனையில் நான்கு குழாய்கள். இரண்டில் பிசிஜி கிருமியில் இல்லாத ஈசாட்-6, சிஎஃப்பி-10 புரதங்கள், ஒன்று வெறும் குழாய், ஒன்றில் டி செல்களைப் பொதுவாகத் தூண்டும் மைட்டோஜென். 37 டிகிரியில் 16 முதல் 24 மணி நேரம் வைத்து, சுரந்த இன்டர்ஃபெரான் காமாவை அளப்பார்கள். வெறும் குழாயின் அளவைக் கழித்து மி.லி.க்கு 0.35 அலகு தாண்டினால் நேர்மறை, அதாவது தொற்று. தொற்று தூங்குகிறதா நோயாகிவிட்டதா என்று அது சொல்லாது. இதைத் தெளிவாகச் சொல்பவரைத் தேர்வுக்குழுவுக்குப் பிடிக்கும்.

உயிருள்ள காசநோய்க் கிருமியை உயர் பாதுகாப்புள்ள பிஎஸ்எல்-3 ஆய்வகத்தில்தான் வளர்க்கலாம். அது இரட்டிக்க ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகும். திட ஊடகத்தில் காலனி கண்ணுக்குத் தெரிய மூன்று வாரத்துக்கும் மேல் பிடிக்கும். ஒரு சோதனை தவறினால் இரண்டு மாதம் போயிற்று என்று அர்த்தம். பழகுவதற்கு மூன்று, நான்கு மணி நேரத்தில் இரட்டிக்கும் ஸ்மெக்மேட்டிஸ் என்ற உறவுக் கிருமி இருக்கிறது. ஆனால் ஸ்மெக்மேட்டிஸை மேக்ரோஃபேஜ் எளிதில் கொன்றுவிடும்; அதில் கிடைத்த முடிவைக் காசநோய்க்கு என்று எழுதக் கூடாது. நீங்கள் சேர நினைக்கும் இடத்தில் பிஎஸ்எல்-3 இருக்கிறது என்று சொன்னால், அது இப்போது இயங்குகிறதா, கடைசியாக எப்போது சான்று புதுப்பித்தார்கள் என்று கேளுங்கள். காற்றோட்ட வடிகட்டி பழுதாகி மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் பிஎஸ்எல்-3 மாணவர்களின் காலத்தைத் தின்றுவிடும்.

புள்ளியியலில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் இப்போதே மனத்தில் பதியவையுங்கள். ஒரு நோயாளியின் ரத்தத்தை மூன்று குழிகளில் போட்டு அளந்தால் எண்ணிக்கை மூன்று ஆகாது, ஒன்றுதான். மூன்று குழி உங்கள் கை எவ்வளவு நிதானம் என்பதைக் காட்டுமே தவிர, மனிதருக்கு மனிதர் இருக்கும் வேறுபாட்டைக் காட்டாது. இந்தப் பிழையோடு முடிந்த பிஎச்.டி.கள் ஏராளம். அதேபோல, தொடர்பில்லாத 20 சைட்டோகைன்களை அளந்து ஒவ்வொன்றையும் 0.05 வரம்பில் சோதித்தால், உண்மையில் எந்த வேறுபாடும் இல்லாதபோதுகூட ஏதாவது ஒன்று தேறிவிடுவதற்கு 64 சதவீத வாய்ப்பு இருக்கிறது. நோயாளிகளை ஒரு வாரமும் ஆரோக்கியமானவர்களை மறு வாரமும் ஓட்டாமல், ஒவ்வொரு நாளும் இரு தரப்பையும் கலந்து ஓட்டுங்கள். இல்லையென்றால் லேசரின் அன்றைய மனநிலையும் முடிவில் கலந்துவிடும். ஆர் என்ற புள்ளியியல் மென்பொருள் இலவசம். தினம் அரை மணி நேரம் ஒதுக்கினால் ஆறு மாதத்தில் கைக்கு வந்துவிடும்.

இவற்றைக் கற்கும்போதே நெட்டை மறுபடி எழுதுங்கள். லைஃப் சயின்சஸ் தாளின் 200 மதிப்பெண்ணில் 100, சி பிரிவின் 25 கேள்விகளிலிருந்து வருகிறது. 75 கேள்விகளில் 25 எழுதினால் போதும். தவறான விடைக்கு கால் பங்கு கழிப்பார்கள். கொஞ்ச மதிப்பெண்ணில் தவறியவர்கள் பெரும்பாலும் சி பிரிவில் ஊகித்துத்தான் இழந்திருப்பார்கள். உங்கள் விடைத்தாளை எடுத்துப் பார்த்துவிடுங்கள். நோயெதிர்ப்பியல், செல் சமிக்ஞை, ஆய்வு முறைகள் மூன்றும் உங்கள் அன்றாட வேலையிலேயே வருவதால் அந்தக் கேள்விகளுக்குத் தனியாக உட்கார வேண்டியிருக்காது. உயிரித் தொழில்நுட்பத் துறையின் (டிபிடி) பெட் தேர்வையும் கேட் தேர்வையும் சேர்த்து எழுதுங்கள். 2024 ஜூன் முதல், ஜேஆர்எஃப் இல்லாமல் பிஎச்.டி.க்கு மட்டும் தகுதி பெறுவோருக்கும் நெட்டில் தனிப் பிரிவு இருக்கிறது. அந்தத் தகுதி சேர்க்கைக்கு ஓராண்டு மட்டுமே செல்லும்.

பிறகு கைடு, அதாவது ஆய்வு நெறியாளர். நிறுவனத்தின் பெயரை விடக் கைடைப் பாருங்கள். சேத்துப்பட்டு நிறுவனம், வேலூர் சிஎம்சி, பெங்களூரு ஐஐஎஸ்சியின் தொற்றுநோய் ஆராய்ச்சி மையம், ஃபரிதாபாத் டிஎச்எஸ்டிஐ, தில்லியில் என்ஐஐ, ஐசிஜிஇபி என்று இடங்கள் உண்டு. எங்கே போனாலும் கைடு இல்லாத நேரத்தில் அவருடைய மாணவர்களிடம் தனியாகப் பேசுங்கள். கடைசியாக முடித்த ஐந்து பேருக்கு எத்தனை வருடம் ஆயிற்று, இப்போது எங்கே இருக்கிறார்கள், நோயாளியின் ரத்தத்தை மருத்துவமனையில் யார் எடுத்துத் தருகிறார்கள், ஃப்ளோ கருவி கிடைக்க எத்தனை நாள் காத்திருக்கிறார்கள், முதல் ஆசிரியராக யார் பெயர் போகிறது. பதில் சொல்லத் தயங்கினால் அதுவும் பதில்தான். ரத்தம் எடுத்துத் தருவதாகச் சொன்ன மருத்துவர் மாறுதலாகிப் போய், இரண்டு வருடம் மாதிரியே இல்லாமல் தவிக்கும் மாணவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். எழுத்தில் ஒப்பந்தமும் நெறிக்குழு அனுமதியும் கையில் இருக்கும் திட்டமா என்று கேளுங்கள்.

மின்னஞ்சல் எழுதும்போது அறுபது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பாதீர்கள். ஒருவருடைய கடைசி மூன்று கட்டுரைகளைப் படித்து, ஒன்றிலுள்ள ஒரு படத்தைப் பற்றி உங்களுக்கு உண்மையாகவே எழுந்த ஒரு கேள்வியை எழுதுங்கள். உங்களுக்குச் செய்யத் தெரிந்தது என்ன என்பதை எண்ணோடு சொல்லுங்கள்: "இதுவரை 70 மாதிரிகளில் பிபிஎம்சி பிரித்திருக்கிறேன், உயிர்த்தன்மை பெரும்பாலும் 95 சதவீதத்துக்கு மேல்." ஓராண்டு வேலை முடியும்போது இப்படி எழுத உங்களால் முடியும். இன்று முடியாது. நான் ஓராண்டு கேட்பது அதற்காகத்தான்.

வீட்டுக்குச் சொல்ல வேண்டிய கணக்கு: 2023 முதல் ஜேஆர்எஃப் உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து எஸ்ஆர்எஃப் (மூத்த நிலை) ஆனால் 42,000, இதற்கு மேல் வீட்டு வாடகைப்படி. முதல் தொகை கணக்குக்கு வரச் சில மாதம் தாமதமாகலாம். அதுவரை சமாளிக்கக் கையிருப்பு வேண்டும். யுஜிசி விதிப்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு வருடம். பெண்களுக்குக் கூடுதலாக இரண்டு வருடம் தரலாம், மகப்பேறு விடுப்பு 240 நாள் வரை உண்டு. மனித மாதிரி ஆய்வுக்கு ஐந்து வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு இரண்டு முதல் நான்கு வருடம் முதுமுனைவர் பணி. வெளிநாடு போனால் திரும்பி வர ராமலிங்கசுவாமி ஃபெலோஷிப், இன்ஸ்பயர் ஃபாகல்டி போன்ற வழிகள் உண்டு. பேராசிரியர் பதவி எல்லோருக்கும் கிடைக்காது, இதை மறைப்பது சரியில்லை. ஆனால் ரத்தத்தையும் செல்லையும் நேர்த்தியாகக் கையாளத் தெரிந்தவருக்கு ஹைதராபாத், புனே தடுப்பூசி நிறுவனங்களிலும், நோயறிதல் கருவி நிறுவனங்களிலும், தடுப்பூசிச் சோதனைகளின் ஆய்வகங்களிலும் இடம் இருக்கிறது. எம்72 என்ற காசநோய்த் தடுப்பூசியின் மூன்றாம் கட்டச் சோதனை 2024-ல் தொடங்கியது. அது போன்ற ஒவ்வொரு சோதனைக்கும் பல்லாயிரம் ரத்த மாதிரிகளை ஒரே தரத்தில் பிரித்து வைக்க ஆட்கள் வேண்டும்.

ஊசி போடும் அறையில் நிற்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். ரத்தம் தருபவர் சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருப்பார், பெரும்பாலும் காலையில் சாப்பிட்டிருக்கமாட்டார். ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டுவதோடு நிறுத்தாமல், எவ்வளவு ரத்தம், எதற்கு, அவருக்கு நேரடிப் பலன் உண்டா இல்லையா என்பதைப் பேச்சுத் தமிழில் சொல்லுங்கள். 10 மி.லி. என்பது இரண்டு டீஸ்பூன் அளவு என்றால் புரியும். மாட்டேன் என்று சொன்னால் அவருடைய சிகிச்சை எந்த விதத்திலும் மாறாது என்பதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

உங்கள் பாதுகாப்பும் அதே அளவு முக்கியம். பயன்படுத்திய ஊசிக்கு ஒருபோதும் மூடி போடாதீர்கள். குத்திவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவி உடனே மருத்துவரிடம் போங்கள். எச்ஐவி தடுப்பு மருந்தை முதல் சில மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்துக்குப் பிறகு பயனில்லை. வேலையில் சேருமுன் ஒரு இக்ரா சோதனை செய்து முடிவைக் கோப்பில் வைத்துக்கொண்டால், பின்னால் தொற்று வந்தால் எப்போது வந்தது என்று தெரியும். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி இதுவரை போடவில்லை என்றால் முதல் டோஸை இந்த வாரமே போட்டுவிடுங்கள். இரண்டாவது ஒரு மாதத்தில், மூன்றாவது ஆறாவது மாதத்தில். அது முடிந்து ஒன்றிரண்டு மாதம் கழித்து ஆன்டிபாடி அளவு லிட்டருக்கு 10 அலகைத் தாண்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விண்ணப்பம் அனுப்பும் அன்றே ஆரம்பித்தால்தான் முழுக் காப்பு சீக்கிரம் கிடைக்கும்.